இரும்புப் பெட்டியும் சாமி படமும்



உத்திரமேரூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், லைசென்ஸ் துப்பாக்கி வாங்கியிருக்கேன். பூட்டி வைக்க விலை குறைந்த பெட்டி எது?" வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதானே வரும்!

1801இல் பாளையக்காரர்களை அடக்கிய கம்பெனி, அவர்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. 1878இல் லிட்டன் பிரபு காலத்துச் சட்டம் இந்தியருக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கியது, ஐரோப்பியருக்கு விலக்கு. சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959இல் வந்தது. 2016 விதிகள், வீட்டில் துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பதை லைசென்ஸ்தாரர் பொறுப்பாக்கின.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தாத்தா பட்டும் ஜரிகையும் வைத்த இரும்புப் பெட்டியை நாலு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. சாவி மட்டும் சாமி படத்துக்குப் பின்னால்! எட்டு வயதில் நானே திறந்து, ஜரிகையைச் சிக்கலாக்கி, அடி வாங்கினேன். அன்று பெட்டிக்குள் இருந்தது ஜரிகை. துப்பாக்கியாக இருந்திருந்தால்?

ஆகவே தம்பி, விலை குறைந்த பெட்டியே போதும். ஆனால் உள்பக்கமிருந்து சுவரில் போல்ட் போட்டு முடுக்கும்படி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருடன் பெட்டியோடு தூக்கிப் போவான். துப்பாக்கியின் நீளத்தை அளந்துகொண்டு கடைக்குப் போ. தோட்டாவை எடுத்துவிட்டு வை. தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. துணி பீரோவில் வைக்காதே, அதை எல்லாரும் திறப்பார்கள்.

சாவி உன்னிடமே இருக்கட்டும். சாமி படத்துக்குப் பின்னால் வேண்டாம். உன் வீட்டிலும் எட்டு வயதுப் பிள்ளை இருக்கிறான்.