பெயர்ப்பலகை போன கடை

போன மாதம் லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டு, காலையில் டிடிபி கடையைத் திறந்தால் மெனுவில் 'அலுவலகம்' பிரிவையே காணோம். டெர்மினலில் அதிலிருந்த நிரலின் பெயரைத் தட்டினால் சமர்த்தாகத் திறந்தது. பெயர்ப்பலகை மட்டும்தான் போயிருந்தது.

லினக்ஸில் ஒரு காலத்தில், திரையின் சாளரங்களைக் கவனிக்கும் விண்டோ மேனேஜர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மெனு. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். நிரல் தன்னைப் பற்றி ஒரு சின்னக் கோப்பை வைத்துவிட்டால் போதும், 'அப்டேட்-மெனுஸ்' எல்லா மெனுவையும் எழுதிவிடும். 2000-இல் ஹாவோக் பென்னிங்டன் ஃப்ரீடெஸ்க்டாப் திட்டத்தைத் தொடங்கினார். க்னோம், கேடிஇ என்ற இரண்டு டெஸ்க்டாப் சூழல்களுக்கும் பொதுவாக '.டெஸ்க்டாப்' கோப்பு வந்தது அந்தத் திட்டத்தின் வழியாகத்தான். பெயர், ஐகான், கட்டளை, பிரிவு என நாலைந்து வரி. தமிழ்ப் பெயருக்கும் தனி வரி உண்டு. மெனு தமிழில் தெரிவது அந்த ஒற்றை வரியின் புண்ணியம். 2015-இல் டெபியனின் தொழில்நுட்பக் குழு, '.டெஸ்க்டாப்' கோப்பு உள்ள பொதிகளில் பழைய மெனுக் கோப்பு கூடாது என்று தீர்த்துவிட்டது. எனக்கென்னவோ பழையதும் பிடித்துத்தான் இருந்தது.

என் கதைக்கு வருகிறேன். அந்த நிரலுக்காக நானே கைப்பட எழுதிய '.டெஸ்க்டாப்' கோப்பில் 'ட்ரைஎக்ஸெக்' என்றொரு வரி. அது சொல்லும் இடத்தில் நிரல் இல்லையென்றால் மெனு அந்தப் பதிவைக் காட்டாது. நான் கொடுத்திருந்த பாதையில் பழைய பதிப்பின் எண். அந்த அடைவே அழிந்துபோயிருந்தது. 'அலுவலகம்' பிரிவில் இருந்ததே அந்த நிரல் ஒன்றுதான். காலிப் பிரிவை மெனு மறைத்துவிடும். எண்ணைத் திருத்திச் சேமித்தேன். கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்து கடையில் காத்திருந்தவர் அதுவரை இரண்டு டீ குடித்து முடித்திருந்தார்.