‘அப்ராக்சிமேட்’: அண்மையை உணர்த்தும் ஒரு சொல்லின் வரலாறு

ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் சொற்களுள் ‘அப்ராக்சிமேட்’ என்பதும் ஒன்று. முற்றும் சரியன்று, ஆயினும் சரியானதற்கு மிக நெருங்கியது என்பதே இன்று அதன் பொருள். மாணவர் பலர் இச்சொல்லைக் கண்டவுடன் ‘குத்துமதிப்பு’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுகின்றனர். இது பொருந்துமா? சொல்லின் பிறப்பையும் வளர்ச்சியையும் ஆராய்ந்தால் விடை தெளிவாகும்.

இச்சொல்லின் தாயகம் இலத்தீன் மொழி. அம்மொழியில் ‘ப்ரோபெ’ என்றால் அருகில். ‘ப்ராக்சிமுஸ்’ என்றால் மிக அருகில் உள்ளது. இதனோடு ‘நோக்கி’ எனப் பொருள்படும் ‘அட்’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்து, ‘மிக அருகே செல்லுதல்’ என்னும் வினை பிற்கால இலத்தீனில் உருவாயிற்று. ‘அணுகு’ எனப் பொருள்படும் ‘அப்ரோச்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அது பிரெஞ்சு மொழியின் வழியாக வந்தது. ஆகவே, இச்சொல்லின் வேரில் ஊகத்துக்கு இடமில்லை. அங்கே இருப்பது ஒன்றை நோக்கிய நகர்வே.

15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் நுழைந்தபோது இச்சொல் இடத்தின் அண்மையையே குறித்தது. அப்பழம்பொருள் இன்றும் மறையவில்லை. பிளந்த காயத்தின் இரு விளிம்புகளையும் ஒன்றோடொன்று நெருங்கச் சேர்ப்பதை அறுவை மருத்துவர்கள் இச்சொல்லாலேயே குறிக்கின்றனர். 17ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர்கள் இதனை எண்ணுலகிற்கு எடுத்துச் சென்றனர். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, இதன் பெயர்ச்சொல் வடிவத்திற்கு அறிவியலில் வழங்கும் பொருளையும் தருகிறது. தேடும் அளவை மேன்மேலும் நெருங்கிக்கொண்டே இருத்தல்; ஒருவேளை அதனைச் சரியாக எட்டவே இயலாது போகலாம் என்பது அவ்விளக்கத்தின் கருத்து.

இக்கருத்து சொல்லைவிட மிகப் பழையது. வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்னும் வினாவுக்குக் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் ஒரே எண்ணை விடையாகத் தரவில்லை. வட்டத்தின் உள்ளும் புறமும் 96 பக்கங்கள் கொண்ட உருவங்களை அமைத்துக் கணக்கிட்டு, அது 3 10/71ஐ விடப் பெரிது, 3 1/7ஐ விடச் சிறிது என்று எல்லை வகுத்தார். இந்தியாவில், கி.பி. 499இல் தமக்கு வயது 23 எனக் குறிப்பிடும் ஆரியபட்டர், 20,000 அலகு விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 62,832 என்றார். அதாவது 3.1416 மடங்கு. அதனை அவர் ‘ஆசன்ன’ என்னும் வடசொல்லால் குறித்தார். அருகில் அமைந்தது என்பது அதன் பொருள். இலத்தீனும் வடமொழியும் ஒரே உருவகத்தைக் கையாண்டமை வியப்பிற்குரியது. அவ்விகிதத்தை எந்தப் பின்னத்தாலும் முழுமையாகச் சொல்ல இயலாது என்பதை 1761இல் லாம்பர்ட் மெய்ப்பித்தார். ‘அருகில்’ என்ற சொல்லே அங்குப் பொருத்தமானது என்பது அதனால் உறுதியாயிற்று.

இச்சொல் தமிழ் ஆசிரியர்க்கு இன்னொரு வகையிலும் உறவுடையது. ஒலியுறுப்புகள் ஒன்றையொன்று நெருங்கியும், காற்று உரசி இரையாதபடி இடைவெளி விட்டுப் பிறக்கும் ஒலிகளுக்கு ‘அப்ராக்சிமண்ட்’ என்னும் பெயரை 1964இல் ஒலியியல் அறிஞர் பீட்டர் லடிஃபோகட் வழங்கினார். நம் சிறப்பு ழகரத்தை இன்றைய ஒலியியலார் அவ்வகையிலேயே சேர்க்கின்றனர். நாவை எவ்வளவு உயர்த்துவது, எங்கே நிறுத்துவது என்று பயிற்றுவிக்கும் ஆசிரியர் இச்சொல்லின் உட்பொருளை நன்குணர்வார். நெருக்கம் சிறிது மாறினாலும் ழகரம் லகரமாகவோ ளகரமாகவோ ஒலித்துவிடும் அன்றோ?

இனி, தமிழில் இதனை எவ்வாறு வழங்குவது? ‘ஏறக்குறைய’ என்னும் சொல் கூடுதலையும் குறைவையும் ஒருங்கே சுட்டுகிறது. ஆர்க்கிமிடீஸ் வகுத்த இரு எல்லைகளுக்கும் அது இயைந்து நிற்கிறது. ‘கிட்டத்தட்ட’ என்பதில் கிட்டுதல் உண்டு. இலங்கைத் தமிழர் பயிலும் ‘அண்ணளவு’ என்பதும் கருதத்தக்கது. அண்ணுதல் என்றால் நெருங்குதல். ‘குத்துமதிப்பு’ என்பதோ அளவாமல் கண்ணால் மதிப்பது. முன்னவை அளந்தவன் சொல். பின்னது அளக்காதவன் சொல்.

இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துதல் நம் கடமையாகும். அண்ணளவான விடை எழுதும் மாணவன், உண்மைக்கும் தன் விடைக்கும் இடையிலுள்ள தொலைவு எவ்வளவினுள் அடங்கும் என்பதையும் சொல்லக் கற்க வேண்டும். அதனைச் சொல்ல இயலாதவன் நெருங்கினானா, விலகினானா என்பதை அவனே அறியான்.