பிரத்தெல்லி ஒயின்ஸ்

பிரத்தெல்லி ஒயின்ஸ் என்பது மகாராட்டிர மாநிலம், சோலாப்பூர் மாவட்டத்தில் உள்ள அக்லுஜ் என்னும் ஊரைச் சார்ந்து இயங்கும் ஒயின் தயாரிப்பு நிறுவனம் ஆகும். இத்தாலிய மொழியில் 'பிரத்தெல்லி' என்றால் சகோதரர்கள் எனப் பொருள். மோகிதே பாட்டீல், சேக்ரி ஆகிய இந்தியக் குடும்பங்களையும், செச்சி என்ற இத்தாலியக் குடும்பத்தையும் சேர்ந்த ஆறு சகோதரர்கள், குடும்பத்துக்கு இருவராக, 2000களின் பிற்பகுதியில் இதனைத் தொடங்கினர்.

இத்தாலியின் தசுக்கானிப் பகுதிக்குரிய சாஞ்சியோவேசே என்ற சிவப்பு ஒயின் திராட்சை இங்கு பயிரிடப்படுகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை போல இது பழமாக உண்பதற்கு உரியதன்று. இத்தாலியில் குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும். ஆண்டுக்கு ஒரு கவாத்து போதும். வெப்பமான சோலாப்பூரில் கொடி அவ்வாறு உறங்குவதில்லை. ஆகவே ஏப்ரல் வாக்கில் ஒரு முறையும், மழை ஓயும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மறுமுறையும் கவாத்து செய்யப்படுகிறது. இரண்டாம் கவாத்துக்குப் பின் தோன்றும் குலைகள், இரவு குளிர்ந்த வறண்ட மாதங்களில் முதிர்ந்து, பிப்ரவரியை ஒட்டி அறுவடையாகின்றன. கவாத்து பிந்தினால் பழம் கோடை வெப்பத்தில் பழுத்து, ஒயினுக்கு இன்றியமையாத புளிப்பை இழந்துவிடும். நாள் குறிப்பதே இங்கு தலையாய வேலை எனலாம்.

தசுக்கானியைச் சேர்ந்த பியேரோ மாசி இதன் ஒயின் வல்லுநராகப் பணியாற்றினார். சாஞ்சியோவேசே, கேபர்னே சோவிஞ்ஞோன் ஆகியவை கலந்த 'செத்தே' இந்நிறுவனத்தின் பெயர்பெற்ற சிவப்பு ஒயின் ஆகும். செத்தே என்றால் ஏழு; ஆறு சகோதரர்களுடன் மாசியையும் சேர்த்த எண்ணிக்கை இது.