ஷெர்லி முகமும் மத்திகிரி கல்யாணமும்

ஓசூரை ஒட்டியிருக்கும் மத்திகிரியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு இளைஞர். பக்கத்து நாற்காலியில், ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்திருக்கும் மணப்பெண்ணின் அம்மா.

''தம்பி, பொண்ணு கொஞ்சம் கலரா தெரியற மாதிரி பண்ணிடுப்பா...''

''அதுக்கென்னக்கா, ஒரே க்ளிக்தான்!''

க்ளிக். மாநிறப் பெண் பளீரென்று வெளுத்துவிட்டாள். கூடவே கழுத்திலிருந்த தாலிக்கயிற்றின் மஞ்சளும் வெளுத்தது. தங்கம் பித்தளை மாதிரி ஆனது. பெற்ற தாயே ஒரு விநாடி தயங்குகிறார்... இது நம்ம பொண்ணுதானா?

அந்த ஒரே க்ளிக்குக்குப் பெயர் 'ப்ரீசெட்'. போட்டோஷாப் போன்ற மென்பொருளோடு தனியாகச் செருகிக்கொள்ளும் குட்டி மென்பொருள்களை 'ப்ளக்-இன்' என்பார்கள். அதில் வெளிச்சம், நிறம், அழுத்தம் என்று பத்திருபது அளவுகள் இருக்கும். ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்து, மனசுக்குப் பிடித்த மாதிரி வந்ததும் ஒரு பெயர் வைத்துச் சேமித்துவிட்டால் அதுதான் ப்ரீசெட். அடுத்த படத்துக்கு மறுபடி உட்கார்ந்து திருக வேண்டியதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். ப்ரீசெட்டுக்குள் படம் எதுவும் கிடையாது. வெறும் எண்கள்தான்! நம் வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கும் சாம்பார்ப் பொடி அளவுச் சீட்டு மாதிரி. குண்டு மிளகாய்க்கு எழுதின அளவைப் பேடகி மிளகாய்க்குப் போட்டால் என்ன ஆகும்? நிறம் தூக்கும், காரம் காணாமல் போகும். எனவே, சீட்டைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது... யார் வீட்டு மிளகாய்க்கு எழுதின சீட்டு இது?

அதற்குச் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

'அளவுகளைச் சேமித்துவைப்பது' முதலில் பிரபலமானது இசையில். அந்தக் காலத்து சின்தசைஸரில் ஏகப்பட்ட திருகுகள். அருமையான ஒலி ஒன்று வந்தால், எந்தத் திருகு எந்த இடத்தில் நிற்கிறது என்று காகிதத்தில் குறித்துவைத்துக்கொள்வார்கள். 1978-ல் அமெரிக்காவின் டேவ் ஸ்மித் 'ப்ராஃபெட்-5' என்ற கருவியைக் கொண்டுவந்தார். 40 ஒலிகளைத் தன் நினைவிலேயே வைத்துக்கொண்டது அது. பொத்தானைத் தட்டினால் போதும், நேற்றைய ஒலி இன்றும் வரும்!

படங்களுக்கு அந்த வசதி வர இன்னும் பல வருஷம் ஆனது. 1987-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் தாமஸ் நோல், கம்ப்யூட்டர் திரையில் படம் காட்ட ஒரு புரோகிராம் எழுதினார். சினிமா கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த அண்ணன் தம்பி உறவுக்காரர் ஜான் நோல் - ஆமாம், உடன்பிறப்புதான் - கூடச் சேர்ந்துகொண்டார். 1990-ல் அது 'அடோபி போட்டோஷாப்' ஆக வெளிவந்தது, ப்ளக்-இன் செருகும் வசதியோடு. 1992-ல் கய் க்ராஸ் என்பவரின் 'கய்ஸ் பவர் டூல்ஸ்' ப்ளக்-இன் வந்தது. ரெடிமேட் ப்ரீசெட்டுகள் அதில் வரிசையாகக் காத்திருந்தன. 1996-ல் போட்டோஷாப்பே ஒருபடி மேலே போனது. நீங்கள் செய்யும் வேலைகளை வரிசை மாறாமல் பதிவுசெய்து, திருப்பிச் செய்துகாட்டும் 'ஆக்ஷன்' வசதி வந்தது.

ஆனால்... முகத்தின் நிறத்துக்கு அளவுச்சீட்டு எழுதும் வேலை, இதற்கெல்லாம் வெகு முன்பே தொடங்கிவிட்டது!

1950-களில் கோடாக் நிறுவனம், போட்டோ பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு அட்டை அனுப்பத் தொடங்கியது. அட்டையில் சிரித்துக்கொண்டிருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அங்கே வேலை பார்த்த ஷெர்லி பேஜ். பிற்பாடு மாடல்கள் மாறினாலும் 'ஷெர்லி கார்டு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. லேப்காரர் என்ன செய்வார்? ஷெர்லியின் முகம் அட்டையில் உள்ள மாதிரியே பிரிண்ட் ஆகிறதா என்று பார்ப்பார். ஆனால், மெஷின் சரி. பிறகு எல்லோர் முகமும் அதே அளவில்தான்.

கறுப்புக் குழந்தையும் வெள்ளைக் குழந்தையும் சேர்ந்து நிற்கும் பள்ளிக்கூடப் படங்களில், கறுப்புக் குழந்தையின் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. ஃபிலிமே கருமையின் நுணுக்கங்களைப் பிடிக்கிற மாதிரி செய்யப்பட்டிருக்கவில்லை. அது எப்போது மாறத் தொடங்கியது தெரியுமா? மர நாற்காலி விற்பவர்களும் சாக்லேட் தயாரிப்பவர்களும் ''எங்க சரக்கின் பழுப்பு நிறம் விளம்பரத்தில் சரியா வரலை'' என்று புகார் செய்த பிறகு! கனடா ஆய்வாளர் லோர்னா ரோத்திடம் கோடாக்கின் முன்னாள் அதிகாரி ஒருவரே இதைச் சொல்லியிருக்கிறார். அம்மாக்களின் ஆதங்கம் சாதிக்காததை சாக்லேட் சாதித்தது. 1990-களின் நடுவில்தான் மூன்று நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கும் கார்டு வந்தது.

கோடாக் ஒருவழியாகத் திருந்தியது. நாம்?

மத்திகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1824-ல் குதிரை வளர்க்கத் தொடங்கி, பிறகு மாட்டுப் பண்ணையாகிவிட்ட அரசுப் பண்ணை இருக்கும் ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் சர்வ சாதாரணமாகக் காதில் விழும். பக்கத்து சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வடமாநிலத்துப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துவிட்டார்கள். அந்த ஸ்டுடியோ ஸ்டூலில் உட்காராத நிறமே இல்லை எனலாம். அத்தனை பேருக்கும், எங்கிருந்தோ பென் டிரைவில் வந்த ஒரே ப்ரீசெட்டா? ஷெர்லியை நாமே கூப்பிட்டுக் குடிவைத்துக்கொண்டோம்!

தப்பு தொழில்நுட்பத்தில் இல்லை. நம் தோலின் நிறம், கம்ப்யூட்டர் கணக்கில் பெரும்பாலும் ஆரஞ்சு. ஆரஞ்சின் வெளிச்சத்தை ஏற்றினால் முகம் வெளுக்கும். கூடவே நகையும் மஞ்சளும் வெளுக்கும். நம் ஊர் அளவுச்சீட்டை நாமே எழுதலாமே? ஒரே படத்தை வைத்து எழுதக் கூடாது. கறுப்பு, மாநிறம், சிவப்பு என்று மூன்று முகங்களை வைத்துத் திருகிப் பாருங்கள். மூன்றுமே அவரவராகத் தெரிந்தால்தான் சேமிக்க வேண்டும். வெளிச்ச அளவை ப்ரீசெட்டுக்குள் பூட்டிவிடாதீர்கள். அது படத்துக்குப் படம் மாறும். 'சூப்பர்-2' என்று பெயர் வைக்காமல், 'மண்டபம் - ராத்திரி - மாநிறம்' என்று விவரமாக வையுங்கள். ஒரு நகல் வேறு இடத்திலும் இருக்கட்டும். கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் சீட்டும் சேர்ந்து போய்விடும்.

ஸ்டுடியோக்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. 'கலரா போடுப்பா' என்று கேட்பது நாம்தானே? அடுத்த முறை போகும்போது இப்படிக் கேட்டுப்பாருங்கள்: ''தம்பி, வெளிச்சத்தை மட்டும் சரி பண்ணு. பொண்ணோட நிறம் அப்படியே இருக்கட்டும்.''

நாளைக்குப் பேத்தி ஆல்பத்தைப் புரட்டும்போது, ''பாட்டி, அம்மா அச்சு அசல் என்னை மாதிரியே இருக்காங்க!'' என்று சொல்ல வேண்டாமா?