14 ஸ்பேனர் பொருந்தாத வண்டி

பழைய என்ஃபீல்ட் புல்லட்டைக் கழற்ற உட்காரும் யாருக்கும் முதல் அரை மணி நேரத்திலேயே ஒரு விஷயம் தெரிந்துவிடும். பல நட்டுகளில் 13 ஸ்பேனர் நுழையாது, 14 ஸ்பேனர் வழுக்கும். கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனரின் வாய் சுமார் 13.3 மில்லிமீட்டர். அவசரத்துக்கு 14-ஐப் போட்டு இழுத்தால் நட்டின் மூலை மழுங்கும். அப்புறம் உளியும் சுத்தியலும்தான். பழைய புல்லட்டுகளில் பாதி நட்டுகள் உருண்டையாக இருப்பது இதனால்தான்.

ஜோசப் விட்வொர்த் திருகு மரைகளுக்கு ஒரு பொது அளவை முன்வைத்தது 1841-இல். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் புல்லட்டை உருவாக்கியவர்கள் அந்த மரபில் வந்த மரைகளைப் பயன்படுத்தினார்கள். மெட்ராஸ் மோட்டார்ஸ் அவர்களோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கியது 1955-இல். மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் இந்தியாவில் வந்தது 1956-இல். ஒரே ஒரு வருட இடைவெளி! காய்கறிக்கடை சேரிலிருந்து கிலோவுக்கு மாறியது, துணிக்கடை கெஜத்திலிருந்து மீட்டருக்கு மாறியது. திருவொற்றியூரிலிருந்து வெளியே வந்த வண்டி மட்டும் இன்னும் பல பத்தாண்டுகள் அங்குலத்திலேயே ஓடியது.

ராணுவத்துக்கு எல்லையில் ரோந்து போக ஒரு வண்டி தேவைப்பட்டது. 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆரம்பத்தில் உதிரிப்பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வர, இங்கே கோத்தார்கள். பிறகு முழு வண்டியையும் இங்கேயே செய்தார்கள். 1967-இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்ட் உற்பத்தியே நின்றது. தாய்க்கம்பெனி போன பிறகும் இங்கே வண்டி நிற்கவில்லை; 1977-இல் இங்கிருந்து பிரிட்டனுக்கே ஏற்றுமதியானது.

இதைப் பெருமையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். வண்டி மாறாமல் இருந்ததற்கு அதன் மேன்மை மட்டுமா காரணம்? எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ், வெளிநாட்டுத் தொழில்நுட்பம் வாங்க அனுமதி, அந்நியச் செலாவணிக்குத் தனி அனுமதி. போட்டிக்கு இருந்த ராஜ்தூத்தின் பூர்வீகம் போலந்து, ஜாவாவின் பூர்வீகம் செக்கோஸ்லோவாக்கியா. மூன்றுமே பழைய ஐரோப்பிய வடிவமைப்புகள். யாருக்கும் அவசரமில்லை. ஆயில் ஒழுகினால் கீழே ஒரு தகர டப்பாவை வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்தத் தேக்கத்துக்கு ஒரு பக்கவிளைவு இருந்தது. வண்டி மாறாததால் அதைப் பற்றிய அறிவும் காலாவதியாகவில்லை. 1960-இல் கற்றுக்கொண்ட கை 1990-லும் வேலை செய்தது. என் மென்பொருள் தொழிலில் அப்படி ஒரு முப்பது வருடத்தைக் கற்பனைகூடச் செய்ய முடியாது.

என்னிடம் இருப்பது பெரியப்பாவின் 1974 வண்டி. அதை ட்யூன் செய்ய ஆரம்பித்தபோதுதான் அந்த அறிவு எப்படிப்பட்டது என்று புரிந்தது. இக்னிஷன் டைமிங்கை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் மேல் உச்சிக்கு வருவதற்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் பாயின்ட் திறக்க வேண்டும். 0.8 மில்லிமீட்டரை வீட்டில் எப்படி அளப்பது? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக ஒரு சைக்கிள் கம்பியை விட்டால் பிஸ்டனின் தலையில் போய் நிற்கும். டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை மெல்ல உருட்டினால் கம்பி ஏறி இறங்குவது தெரியும். சரி, பாயின்ட் திறக்கும் நொடி எப்படித் தெரியும்? ஹெட்லைட் மேல் இருக்கும் அம்மீட்டர் சொல்லும். சாவியைப் போட்டால், பாயின்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். திறந்ததும் டக்கென்று நடுவுக்குத் திரும்பும். அவ்வளவுதான் கருவி. ஒரு கம்பி, ஒரு முள்.

டேப்பெட்டுக்கு ஃபீலர் கேஜ்கூட வேண்டாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்கையில், சிலிண்டர் பக்கவாட்டு மூடியைத் திறந்து புஷ்ராடைப் பிடித்துப் பார்க்க வேண்டும். விரலால் உருட்டினால் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இதை எழுத்தில் படித்துவிட்டு எத்தனை முறை செய்தாலும் சந்தேகம் போகாது. தெரிந்த ஒருவர் விரலை வைத்து "இந்த லூஸ் இருக்கணும்" என்று காட்டினால் ஒரு நிமிஷத்தில் வந்துவிடும். கார்புரேட்டர் சரியா என்று பிளக்கின் நிறம் சொல்லும்: கருமை என்றால் பெட்ரோல் அதிகம், வெளுப்பு என்றால் குறைவு, பழுப்பு என்றால் தூங்கப் போகலாம்.

அதாவது, இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் அதன் சொந்தக்காரனுக்குக் கையும் காதும் உண்டு என்று எடுத்துக்கொண்டார்கள். 1980-களின் நடுவில் இந்தியாவுக்கு வந்த ஜப்பானியக் கூட்டு வண்டிகள் அப்படி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருடம் யமஹா ஆர்எக்ஸ் 100. பெட்ரோல் போட்டால் ஓடும், சர்வீஸுக்கு விட்டால் போதும். வேலைக்குப் போகிறவனுக்கு அதுதான் வேண்டும். அதில் தப்பே இல்லை. என் அப்பாவும் சிடி 100-தான் வாங்கினார். பெரியப்பா மாதிரி ஞாயிற்றுக்கிழமையை அடகு வைக்க அவருக்கு மனசில்லை.

ரெஸ்டோரேஷன் என்கிற பெயரில் இன்று நடப்பதில் எனக்குச் சண்டை உண்டு. பழைய புல்லட் கிடைத்ததும் முதலில் செய்வது பெயின்ட்டைச் சுரண்டுவது. பிறகு கண்ணில் படும் எல்லாவற்றுக்கும் குரோம். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில்கூட அந்த வண்டி இப்படி மினுங்கியிருக்காது. டேங்கின் பொன்னிறக் கோடுகள் ஒரு மனிதர் தூரிகை பிடித்து ஒரே இழுப்பில் போட்டவை. சுரண்டினால் போயே போச்சு. என் வேலையில் பழைய கோடை ஒரு கட்டளையில் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். இந்தக் கோட்டை முடியாது.

எங்கள் டேங்க்கில் அடி ஜாயின்ட்டில் கசிவு. உள்ளே துரு. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர்களையும் அரிக்கும். அப்படியே விட முடியாது. மெக்கானிக் அண்ணன் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டேங்க்கு போயிருச்சு தம்பி. புதுசு கெடைக்குது, கோட்டுக்கு ஸ்டிக்கரும் கெடைக்குது. இத வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

நியாயமான கேள்விதான். நெருப்பு வைத்தால் பெயின்ட் எரியும். ஆனால் ஓட்டை அடியில், கோடு பக்கவாட்டில். "அடியில மட்டும் எரிஞ்சா பரவால்லண்ணே" என்றேன். பல தடவை சோப்புத் தண்ணீர் விட்டு அலசி, கவிழ்த்து, ஜாயின்ட்டுக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பினோம். பெட்ரோல் ஆவி தங்க இடம் இருக்கக் கூடாது, அதோடு தண்ணீர் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். ஈயத்தால்தான் பற்றவைத்தார், அதற்கு வெப்பம் குறைவாகப் போதும். இரண்டு விரல் அகலத்துக்குப் பெயின்ட் கொப்பளித்தது. அங்கே மட்டும் பிரைமர் அடித்திருக்கிறேன். உள்ளே துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம்.

மூன்று வாரமாகச் சொட்டவில்லை. இடது பக்கக் கோடு பெரியப்பாவின் முழங்கால் உரசிய இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு அழிந்திருக்கிறது, அதைத் தொடவில்லை. அடுத்தது கியர்பாக்ஸ். நியூட்ரல் லீவரைக் குதிகாலால் மிதித்தால் இரண்டு தடவைக்கு ஒரு தடவைதான் விழுகிறது.