கண்ணெதிரே இருந்தால்தான் வேலையா?

நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டினால் அதிக நன்மை அடைபவர் ஊழியரா, முதலாளியா? இந்தக் கருத்தரங்கில் நம்முன் வைக்கப்பட்டுள்ள கேள்வி இது. கேட்டவுடனேயே ஊழியர்தான் என்று பலரும் சொல்லிவிடுவார்கள். காலை ரயிலில் நெருக்கியடிக்க வேண்டாம், பிள்ளையைப் பள்ளியில் விட்டு வரலாம், வயதான பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். முதலாளி பெரிய மனது வைத்துக் கொடுக்கும் சலுகை இது என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. ஆனால் வரலாற்றைப் புரட்டினால் வேறு கதை தெரிகிறது. இந்த ஏற்பாட்டை முதலில் தேடிப் போனவர்களில் பலர் முதலாளிகளே. தங்கள் சிக்கலைத் தீர்க்கப் போய், ஊழியரின் சிக்கலையும் சேர்த்துத் தீர்த்தார்கள்.

பெரட்டு எங்கிருந்து வந்தது?

நம் முன்னோர் பலர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்தவர்கள். இருள் பிரியுமுன் பெரட்டுக்கு வந்து பெயர் கொடுத்தாக வேண்டும். அதற்குத் தக்க காரணம் இருந்தது. குளிர்ந்த காலைப் பொழுதில்தான் மரம் நன்றாகப் பால் வடிக்கும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். அங்கே நேரத்தை நிர்ணயித்தது மரம். ஆலைகளில் அதை நிர்ணயித்தது இயந்திரம். பிறகு அலுவலகங்கள் பெருகின. அங்கே மரமும் இல்லை, இயந்திரமும் இல்லை. பெரட்டு மட்டும் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஒருவர் இருக்கையில் இருக்கிறாரா என்று பார்ப்பதே அவர் வேலை செய்கிறாரா என்று பார்ப்பதற்கு ஈடாகிவிட்டது.

ஆறு பவுன் முதலீடு

இந்த வழக்கத்தை உடைத்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர் ஸ்டெஃபனி ஷெர்லி. நாஜிகளிடமிருந்து தப்புவிக்கப்பட்ட யூதப் பிள்ளைகளில் ஒருவராக, 1939-ல் ஐந்து வயதில் வியன்னாவிலிருந்து பிரிட்டன் வந்தவர். கணினித் துறையில் வேலை பார்த்த அவர், 1962-ல் ஆறு பவுன் முதலீட்டில் வீட்டிலேயே ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். அக்காலத்தில் படித்த பெண்கள் திருமணம், குழந்தைப்பேறு என்று வேலையை விட்டால் திரும்பி வர வழியில்லை. அந்தத் திறமையெல்லாம் வீணாவதைக் கண்டார் ஷெர்லி. அவர்களையே வேலைக்கு எடுத்தார். வீட்டில் தொலைபேசி இருக்க வேண்டும் என்பது முக்கியமான தகுதி. வீட்டு மேசையில் தாளிலும் பென்சிலிலும் நிரல்கள் எழுதப்பட்டன. முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள்.

"ஸ்டெஃபனி" என்று கையெழுத்திட்டு அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கணவரின் யோசனைப்படி "ஸ்டீவ்" என்று கையெழுத்திட்டார். பதில்கள் வரத் தொடங்கின. அவருடைய வேறொரு முடிவுதான் நம் தலைப்புக்கு முக்கியமானது. ஊழியர்கள் பகுதிநேரமாக வீட்டிலிருந்து வேலை செய்வது வாடிக்கையாளரின் கண்ணை உறுத்தக்கூடாது என்பதற்காக, இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கேட்காமல், முடித்த வேலைக்கு இவ்வளவு என்று நிலையான விலை பேசினார். வேலையை நேரத்தால் அளக்காமல் விளைவால் அளந்தார். உலகையே வியக்க வைத்த கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதியவர்கள் இப்படி வீட்டில் இருந்த பெண்கள்தான். பிற்காலத்தில் நிறுவனத்தின் பங்குகளை ஊழியருக்கும் ஷெர்லி பகிர்ந்தளித்ததால், அவர்களில் 70 பேர் கோடீசுவரர்கள் ஆனார்கள். அவர் 2025-ல் தம் 91-வது வயதில் மறைந்தார்.

நெரிசலும் எண்ணெயும்

ஜெர்மனியில் 1967-ல் மியூனிக் அருகிலுள்ள ஓட்டோப்ருன் நகரின் விமானத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றில் வேறு சிக்கல். ஊழியர் அனைவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்ததால் சாலையிலும் வாசலிலும் கடும் நெரிசல். அதற்குத் தீர்வாக, நடுப்பகலில் குறிப்பிட்ட சில மணி நேரம் அனைவரும் இருக்க வேண்டும். வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் அவரவர் முடிவு செய்யலாம் என்று நிர்வாகம் அறிவித்தது. இந்த யோசனையை முன்வைத்தவர் கிறிஸ்டெல் கேமரர் என்ற பெண்மணி. ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கத் தாய்மார்களை வேலைக்குக் கொண்டுவரலாம் என்பது அவர் வாதம்.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஜாக் நில்ஸ் என்ற பொறியாளர், ஊழியரை வேலைக்குக் கொண்டு வருவதற்குப் பதில் வேலையை ஊழியரிடம் கொண்டு போகலாமே என்று கேட்டார். தொலைபேசிக் கம்பி வழியே வேலை செய்யும் முறைக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. லாஸ் ஏஞ்சலிஸ் காப்புறுதி நிறுவனம் ஒன்றின் ஊழியர்களைத் தங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சிறு அலுவலகங்களில் அமர்த்திச் சோதித்துப் பார்த்தார்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு, வீட்டிலிருந்து கணினியில் வேலை செய்வதைத் தடை செய்ய வேண்டும் என்று 1983-ல் கோரியது. வீட்டுக்குள் நடக்கும் உழைப்புச் சுரண்டல் வெளியே தெரியாது என்பது அவர்களின் அச்சம். அந்த அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடக்கூடாது. இரவு பதினொரு மணிக்கும் கைத்தொலைபேசியில் வேலை வந்து விழுகிறதே, அது யாருக்கு நன்மை?

ஷாங்காயில் நடந்த சோதனை

பேச்சு போதும், கணக்கு எங்கே என்று கேட்பவர்களுக்குச் சீனாவின் சீட்ரிப் பயண நிறுவனம் பதில் தருகிறது. ஷாங்காயில் அலுவலக வாடகை ஏறிக்கொண்டே போனது. ஊழியர்களும் நிலைத்து இருக்கவில்லை. 2010-ல் அந்த நிறுவனம், ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கலஸ் புளூமுடன் சேர்ந்து, அழைப்பு நிலைய ஊழியர்களிடையே ஒன்பது மாதச் சோதனை நடத்தியது. முன்வந்தவர்களைப் பிறந்த தேதியைக் கொண்டு இரு குழுக்களாகப் பிரித்தார்கள். இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள்.

அவர்களின் செயல்திறன் 13 விழுக்காடு கூடியது. இடைவேளையும் உடல்நலக் குறைவு விடுப்பும் குறைந்தது ஒரு காரணம். வீட்டின் அமைதியில் கூடுதல் அழைப்புகளைக் கவனிக்க முடிந்தது மற்றொரு காரணம். வேலையை விட்டுப் போவோரின் விகிதம் பாதியாகக் குறைந்தது. இருந்தாலும், வீட்டிலிருந்தவர்களுக்கு அவர்கள் காட்டிய திறனுக்கு ஏற்ற பதவி உயர்வு கிடைக்கவில்லை. கண்ணெதிரே இல்லாதவர் நினைவிலும் இல்லாமல் போனார். சோதனை முடிந்து விருப்பத்தைக் கேட்டபோது, பாதிப் பேர் மனம் மாறினார்கள். தனிமை வாட்டியது என்றார்கள். 2021-ல் அதே நிறுவனம் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீடு என்ற முறையை 1,600-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தது. வேலையை விடுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர். பதவி உயர்விலும் பாதிப்பு தெரியவில்லை. ஆக, முழுதும் வீடு, முழுதும் அலுவலகம் என்ற இரண்டுக்கும் நடுவில்தான் நல்ல வழி இருக்கிறது.

நம் வாசலுக்கு வந்த மாற்றம்

சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 7-ல் நோய்ப் பரவலை முறியடிக்கும் திட்டம் தொடங்கியபோது, முடியாது என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தது சில நாட்களில் முடிந்தது. மலேசியா தன் வேலைச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஜனவரி முதல் ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம், முதலாளி 60 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்று விதித்தது. சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் நடப்பில் உள்ளன. இங்கே பதிலளிக்க இரண்டு மாத அவகாசம். கேட்டதையெல்லாம் கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. மறுத்தால் நியாயமான தொழில் காரணம் இருக்க வேண்டும். ஒழுங்காக வேலை செய்யும் ஊழியரை மேலாளர் நேரில் பார்த்துக்கொண்டிருக்க விரும்புகிறார் என்பதும், எங்கள் நிறுவனத்தில் அந்த வழக்கமில்லை என்பதும் நியாயமான காரணங்கள் ஆகா என்று அந்த நெறிமுறைகள் எடுத்துக்காட்டுடன் சொல்கின்றன. மேசைக்கு வந்த பெரட்டுக்கு இப்படித்தான் விடை கொடுக்கப்பட்டது.

தாதியரும் பேருந்து ஓட்டுநரும் துப்புரவு ஊழியரும் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் நீக்குப்போக்கு என்பது இடத்தை மட்டும் குறிப்பதன்று. நேரத்தை மாற்றிக்கொள்வதும் வேலையின் அளவைக் குறைத்துக்கொள்வதும் அதில் அடங்கும். ஓட்டோப்ருன் விமானத் தொழிலில் மாறியது இடமல்ல, நேரம். மூப்படையும் சமுதாயத்தில், அனுபவமிக்க தாதி ஒருவர் தாயைக் கவனிப்பதற்காக வேலையையே விட்டுவிட்டால், இழப்பு அவருக்கு மட்டுமா? மருத்துவமனைக்கும் நோயாளிக்கும்தான்.

எனவே ஊழியரா, முதலாளியா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். வேலையை அளக்கத் தெரிந்த இடத்தில் இருவருக்கும் நன்மை. ஆளை மட்டுமே அளக்கத் தெரிந்த இடத்தில் இருவருக்கும் இழப்பு. முதலாளி என்ன வேலை வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லட்டும். ஊழியர் சொன்ன நாளில் முடித்துக் கொடுக்கட்டும். பிறகு அதை எந்த மேசையில் வைத்துச் செய்தார் என்று கேட்க வேண்டிய தேவை இருக்காது.