நின்றுபோன வட்டுகளும் பெரட்டுக் கணக்கும்



தோட்டத்துப் பெரட்டை அறியாதார் நம்மில் யார்? வேலை தொடங்குமுன் பெயர் கூப்பிடுவார்கள். வந்தவர் யார், வராதவர் யார் என்பது செக்ரோலில் ஏறும். வராதவர் இறந்துவிட்டார் என்று யாரும் எழுதுவதில்லை. நம் எழுத்துகளைக் காக்கவும் இதே கணக்குத்தான் வேண்டும்.

சிங்கப்பூரில் 1875இல் வந்ததாகச் சொல்லப்படும் 'சிங்கை வர்த்தமானி'யின் படி ஒன்றும் இன்று கிடைக்கவில்லை. 1887இல் தொடங்கிய 'சிங்கை நேசன்' நமக்குக் கிடைத்திருக்கிறது. லண்டனில் அதன் படிகள் பாதுகாக்கப்பட்டதே காரணம்.

2015இல் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின் வழியே, சிங்கப்பூரில் 50 ஆண்டுகளில் வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவம் பெற்றுத் தேசிய நூலகத்தைச் சேர்ந்தன. அன்று தாளில் இருந்த எழுத்து இன்று கணினி வட்டில் இருக்கிறது. வட்டும் பழுதாகும் அல்லவா?

அதற்கு வழியை 1988இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் விளக்கினர். பல வட்டுகளை ஒரே அணியாகச் சேர்ப்பதே அது. அதன் பெயர் ரெய்டு. ஐந்தாம் வகை அணியில் நான்கு வட்டுகள் இருந்தால், ஒன்று பழுதானாலும் மற்ற மூன்றும் ஈடுகட்டும். தனிக் கருவியின்றி, லினக்ஸ் கணினியில் மென்பொருளாலேயே இவ்வணியை நடத்த, ஆஸ்திரேலியரான நீல் பிரவுன் 2001இல் 'எம்டிஅட்ம்' என்ற நிரலை எழுதினார்.

இரண்டு வட்டுகள் குரல் கொடுக்காவிட்டால் அணி இயங்காது. நிரல் அதைச் 'செயலற்றது' என்று அறிவிக்கும். அழிந்தது என்று அதற்குப் பொருளில்லை. கம்பி தளர்ந்திருந்தாலும் வட்டு பெரட்டுக்கு வராது. அணி கூடாத நிலையில், ஐந்தாம் வகை அணியையும் சுருக்க அறிக்கை பூஜ்ய வகை என்று காட்டியதுண்டு. அதை நம்பி அதன்மேல் புதிய அணி அமைத்தவர், உள்ளே இருந்த எழுத்தை இழக்க நேரும்.

ஆகவே ஒவ்வொரு வட்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். எந்த அணியைச் சேர்ந்தது, எத்தனையாவது இடம், கடைசியாக எத்தனையாவது மாற்றம் வரை பதிந்தது என்ற குறிப்பை ஒவ்வொரு வட்டும் தன்னுள்ளே சுமக்கிறது. எண்ணிக்கையில் பின்தங்கிய வட்டே முன்னரே விலகியது. இவ்விவரத்தை எழுதிக்கொண்ட பிறகே அணியை எழுப்ப முயல வேண்டும்.

ஒன்று மறக்கலாகாது. தீயோ வெள்ளமோ வந்தால் நான்கு வட்டுகளும் சேர்ந்தே போகும். வேறிடத்தில் இன்னொரு படி வேண்டும் என்பதே 'சிங்கை நேசன்' நமக்குச் சொல்லும் பாடம்.